முள்ளாவதும் பூவாவதும்

காகிதப்பூக் கொடியில் ஒவ்வோர் இலைக்காம்பும் தண்டோடு சேருமிடத்தில், அதாவது இலைக்கக்கத்தில், ஒரு சிறு மொட்டு இருக்கிறது. வளரத் தொடங்கும்போது அது கூர்முள்ளாக முடிந்துவிடலாம். மூன்று வண்ணச் செதில்கள் சூழ்ந்த பூங்கொத்தாகவும் விரியலாம். இந்தச் செடியைப் பொறுத்தவரை முள்ளும் பூங்கொத்தும் ஒரே உறுப்பின் இரு வடிவங்கள் என்பதும், மொட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்பதை அது வளரும் சூழ்நிலையே பெரிதும் முடிவு செய்கிறது என்பதும் தாவர உடலியல் ஆய்வுகளில் உறுதிப்பட்ட செய்திகள். நிழலில் நின்று, கேட்டபோதெல்லாம் நீர் கிடைத்து, விரைந்து நீளும் கிளையில் அந்த மொட்டு பெரும்பாலும் முள்ளாகிறது. முழு வெயிலும் நீண்ட இரவும் சற்றே வறண்ட மண்ணும் அமைந்த கிளையில் அது பூவாகிறது. தண்டை நீளச் செய்யும் ஜிப்ரெலின் என்ற வளர்ச்சி ஊக்கியைத் தெளித்தால் முட்கள் மிகுகின்றன, செல் பிரிதலைத் தூண்டும் சைட்டோகைனின் என்ற ஊக்கியோ பூங்கொத்து உருவாவதற்குத் துணை நிற்கிறது என்பதையும் சோதனைகள் காட்டியுள்ளன.

வெப்பமண்டல வீட்டுத் தோட்டங்களில் அடிக்கடி எழும் குறை ஒன்றுக்கு இந்தச் சிறு மொட்டிலேயே விடை இருக்கிறது. செடி தளதளவென்று தழைத்து நிற்கிறது, மொட்டு மட்டும் வைப்பதில்லை என்பதே அந்தக் குறை. அதைக் கண்டவுடன் மேலும் ஒரு பிடி உரமும் மேலும் ஒரு குடம் நீரும் கொடுக்கும் வழக்கம் பரவலாக உள்ளது. ஆனால் தழைத்து நிற்கும் செடிக்குப் பசி இல்லை, பூப்பதற்கான அறிகுறி எதுவும் அதற்கு எட்டவில்லை என்பதே பெரும்பாலும் உண்மை நிலை. குளிர்நாடுகளில் பனிக்காலமும் அதைத் தொடரும் இளவேனிலும் அந்த அறிகுறியை ஆண்டுதோறும் தவறாமல் தந்துவிடுகின்றன. பனியே விழாத சமவெளிகளில் வாழும் செடிகளோ இரவின் நீளம், வெயிலின் அளவு, மண்ணின் ஈரம், புதுத்தளிரின் வளர்ச்சி ஆகியவற்றுள் தத்தம் இயல்புக்கு ஏற்ற ஒன்றையோ பலவற்றையோ நம்பியிருக்கின்றன. எந்தச் செடி எதற்குக் காத்திருக்கிறது என்று அறிவதே வீட்டுத் தோட்டக் கலையின் அடிப்படை. உரத்தைப் பற்றிய கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது.

தண்டின் நுனியில், குண்டூசித் தலையை விடச் சிறிய ஓரிடத்தில், ஓயாமல் பிரிந்துகொண்டிருக்கும் செல்களின் தொகுதி உள்ளது. அது நுனி ஆக்குத்திசு எனப்படுகிறது. இலையை உண்டாக்கிக்கொண்டிருக்கும் அந்தத் திசு ஒரு கட்டத்தில் இதழையும் மகரந்தத் தாளையும் சூலகத்தையும் உண்டாக்கத் தொடங்குவதே பூத்தலின் முதற்படி. மாற்றம் நுனியில் நிகழ்ந்தாலும் அதற்கான ஆணை இலையிலிருந்து வருகிறது என்பதை 1930களில் சோவியத் அறிஞர் மிகயீல் சைலக்யான் சாமந்திச் செடிகளைக் கொண்டு காட்டினார். நுனிப் பகுதியின் இலைகளை நீக்கிவிட்டு, கீழ் இலைகளை மட்டும் குறுகிய பகலுக்கு உட்படுத்தியபோது செடி பூத்தது. ஆகவே இலையில் உருவாகி நுனிக்குச் செல்லும் ஒரு பொருள் இருக்க வேண்டும் என்று முடிவு செய்த அவர், அதற்கு ஃபுளோரிஜென் என்று பெயரிட்டார். அந்தப் பொருளைத் தேடும் பணி ஏறத்தாழ 70 ஆண்டுகள் நீண்டது. இலையின் உணவுக் குழாய்களில் உருவாகி நுனிக்குப் பயணம் செய்யும் ஒரு சிறு புரதமே அது என்பதற்கான சான்றுகள் 2007இல் வெளியாயின. ஒரு முன்கணிப்பு இத்தனை காலம் காத்திருந்து மெய்ப்படுவது உயிரியலில் அரிது.

இலை எதைக் கணக்கிட்டு அந்தப் புரதத்தை அனுப்புகிறது என்ற கேள்விக்கு அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த கார்னர், அல்லார்டு இருவரும் 1920இல் விடை கண்டனர். கோடையில் ஆளுயரத்தையும் மீறி வளர்ந்தும் பூக்காத ஒரு புகையிலை ரகம், குளிர்காலத்தில் கண்ணாடிக் குடிலுக்குள் சிறு செடியாக இருக்கும்போதே பூத்தது. வெப்பம், ஈரம், உரம் ஆகிய ஒவ்வொன்றையும் சோதித்து விலக்கிய பிறகு எஞ்சிய காரணம் பகலின் நீளமாக இருந்தது. பகலின் நீளத்துக்கு ஏற்பப் பூக்கும் இந்தப் பண்பு ஒளிக்காலத்துவம் எனப்படுகிறது. செடி உண்மையில் அளப்பது பகலை அன்று, இடையறாத இருளையே என்பதை 1938இல் ஹாம்னர், பானர் இருவரும் தெளிவுபடுத்தினர். தமிழகத்தின் தரிசு நிலங்களிலும் முளைத்துக் கிடக்கும் மருளூமத்தையே அவர்களுடைய சோதனைச் செடி. நீண்ட இரவின் நடுவே சில நிமிடங்கள் விளக்கேற்றினால் போதும், அது பூக்காமலே நின்றுவிட்டது. இலைக்குள் இருக்கும் பைட்டோகுரோம் என்ற நிறமி சிவப்பு ஒளி பட்டால் ஒரு வடிவத்துக்கும், கட்புலனின் விளிம்பில் உள்ள தொலைச்சிவப்பு ஒளி பட்டாலோ இருளில் நெடுநேரம் இருந்தாலோ மற்றொரு வடிவத்துக்கும் மாறுகிறது. அந்த மாற்றத்தைச் செடி தனக்குள் ஓடும் நாட்கடிகாரத்தோடு சேர்த்துப் படித்தே இரவின் நீளத்தை அறிகிறது.

நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடுகளில் பகலும் இரவும் ஏறக்குறைய சமம், ஆகவே இந்த அறிவு இங்கே பயன்படாது என்று கருதுவது தவறு. சென்னையில் ஜூன் மாதத்தின் மிக நீண்ட பகல் ஏறத்தாழ 12 மணி 53 நிமிடம், டிசம்பரின் மிகக் குறுகிய பகல் ஏறத்தாழ 11 மணி 21 நிமிடம். ஒன்றரை மணி நேர வேறுபாடு செடிக்குப் பெரிது. மலாக்காவில் ஆண்டு முழுவதற்குமான வேறுபாடு ஏறத்தாழ 14 நிமிடமே என்றாலும், அங்கு வளர்க்கப்பட்ட சியாம் 29 என்ற நெல் ரகம் அதையும் உணர்ந்து தன் பூக்கும் காலத்தை மாற்றிக்கொண்டது என்று 1959இல் வெளியான ஆய்வு கூறுகிறது. தமிழக உழவர்கள் மரபான சம்பா நெல்லைப் பருவம் தவறி விதைக்கத் தயங்கியதும் இதே காரணத்தால்தான். வீட்டுத் தோட்டத்தில் இந்தப் பண்பை மிகத் தெளிவாகக் காட்டுபவை சாமந்தியும், கிறிஸ்துமஸ் காலத்தில் மேலிலைகள் சிவக்கும் பாயின்செட்டியாவும் ஆகும். இரவு நீளும்போது பூக்கும் இவை குறும்பகல் தாவரங்கள். ஆடியில் நட்ட சாமந்தி கார்த்திகை, மார்கழியில் பூத்துக் குலுங்கும்போது, தெருவிளக்கின் வெளிச்சம் இரவெல்லாம் விழும் மூலையில் நிற்கும் அதே வயதுச் செடி இலையாகவே நிற்பதைக் காணலாம். அந்தச் செடிக்கு வேண்டியது உரமன்று, இருட்டு. தொட்டியை நான்கடி தள்ளி, வெளிச்சம் படாத சுவர் மறைவில் வைத்தால் போதும். ஓசூர்ப் பகுதியின் பசுமைக்குடில்களில் கொய்மலர்ச் சாமந்தி வளர்ப்போர் இந்த அறிவையே தொழிலாக்கியுள்ளனர். தண்டு நீளும்வரை இரவில் விளக்கெரித்துப் பூப்பதைத் தடுத்து, பிறகு கருந்துணியால் மூடி இரவை நீட்டி, சந்தைக்கு வேண்டிய வாரத்தில் மலரச் செய்கின்றனர்.

செம்பருத்தி, நித்தியகல்யாணி, வெட்சி போன்றவை பகலின் நீளத்தை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. ஓரளவு வளர்ந்தபின் வெயிலும் உணவும் போதுமானால் ஆண்டில் எந்த மாதத்திலும் பூக்கும் இவற்றுக்கு முதன்மையான தேவை ஒளியின் அளவே. நண்பகல் வெயிலில் திறந்த வெளியின் ஒளி ஒரு லட்சம் லக்ஸ் அளவை எட்டுகிறது. கண்ணுக்கு நல்ல வெளிச்சமாகத் தோன்றும் அறைக்குள் அது சில நூறு லக்ஸாகக் குறைந்துவிடுகிறது. மனிதக் கண் வெளிச்சக் குறைவுக்கு விரைவில் பழகிக்கொள்வதால் இந்தப் பெரும் இடைவெளி கவனத்துக்கு வருவதில்லை. மேலும், மரநிழலில் அளவு மட்டும் அன்றி ஒளியின் தன்மையும் மாறுகிறது. மேலே உள்ள இலைகளின் பச்சையம் சிவப்பு ஒளியை எடுத்துக்கொண்டு தொலைச்சிவப்பைக் கீழே விட்டுவிடுவதால், அடியில் நிற்கும் செடி தன் பைட்டோகுரோமின் வழியே தலைக்குமேல் போட்டியாளர் இருப்பதை அறிந்து, பூவுக்குச் செலவிட வேண்டியதைத் தண்டின் நீளத்துக்குச் செலவிடுகிறது. மாமரத்தடியில் நட்ட செம்பருத்தி ஒல்லியாக நீண்டு, கணுக்கள் அகன்று, நுனியில் ஓரிரு பூவோடு நிற்பது இதனால்தான். கனகாம்பரம் போன்ற சில செடிகளே அரைநிழலிலும் நிறைவாகப் பூக்கும் இயல்புடையவை.

வெயில் எங்கே விழும் என்பதை அறிவதில் குளிர்நாட்டு நூல்களைப் பின்பற்றுவோர் பலர் ஏமாறுகின்றனர். வீட்டின் வடபுறம் எப்போதும் நிழல், தென்புறம் எப்போதும் வெயில் என்று அந்நூல்கள் கூறுவது அந்நாடுகளுக்குச் சரி. சென்னையில் ஏப்ரல் மாதத்தின் கடைசி வாரத்தில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, அங்கிருந்து வடக்கே நகர்ந்து, ஆகஸ்ட் மாதத்தின் நடுவில் மீண்டும் உச்சியைக் கடந்து தெற்கே திரும்புகிறது. ஜூன் 21ஐ ஒட்டி நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே ஏறத்தாழ 10 பாகையிலும், டிசம்பர் 21ஐ ஒட்டி உச்சிக்குத் தெற்கே ஏறத்தாழ 36 பாகையிலும் நிற்கிறது. எனவே மார்கழியில் குளிர்ந்த நிழலாக இருந்த வடக்குச் சுவரோரம், ஆனி மாதத்தில் காலையும் மாலையும் சாய்வெயிலைப் பெறும் இடமாகிவிடுகிறது. நிழலை நம்பி அங்கே வைத்த பெரணியும் ஆந்தூரியமும் கருகுவதும், தென்புறப் பால்கனியில் மார்கழியில் பூத்துக் குவிந்த செடி சித்திரைக்குப் பிறகு ஓய்ந்துவிடுவதும் இதன் விளைவுகளே. தொட்டிச் செடிகளை ஆண்டுக்கு இருமுறை இடம் மாற்றும் பழக்கம் இங்கே மிகவும் பயனுள்ளது.

நீரைப் பொறுத்தவரை செடிக்குச் செடி நியாயம் வேறுபடுகிறது. தொடக்கத்தில் கண்ட காகிதப்பூவை முதலில் எடுத்துக்கொள்ளலாம். அதன் தாயகம் தென்னமெரிக்கா. பூகென்வில் என்ற பிரெஞ்சுக் கடலோடியின் உலகப் பயணத்தில் உடன்சென்ற தாவரவியலாளர் பிலிபேர் கொமெர்சோன் 1767இல் ரியோ டி ஜெனீரோவில் அதைச் சேகரித்தார். அவருக்குத் துணையாக, ஆண் உடை அணிந்து அந்தக் கப்பலில் சென்ற ழான் பாரே, உலகைச் சுற்றி வந்தவராக அறியப்படும் முதல் பெண் என்பதும் இந்தச் செடியின் வரலாற்றோடு சேர்த்து நினைக்கத் தக்கது. காகிதப்பூவின் நிறமுள்ள பகுதி இதழன்று, நிறம் மாறிய இலையாகும். தாவரவியலில் அது பூவடிச் செதில் எனப்படுகிறது. ஒரு கொத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால், மூன்று செதில்களுள் ஒவ்வொன்றின் நடுநரம்போடும் ஒரு மெல்லிய குழல் ஒட்டியிருப்பதும், அதன் வாய் சிறு வெண்நட்சத்திரமாக விரிந்திருப்பதும் தெரியும். அந்தக் குழலே பூ. செதிலின் நிறம் பீட்டாலெயின் என்ற நிறமிக் குடும்பத்தைச் சேர்ந்தது. பீட்ரூட்டின் சிவப்பும் இதே குடும்பம். காகிதப்பூவின் நெருங்கிய உறவான அந்திமந்தாரையின் நிறமும் அதுவே. செம்பருத்தியின் சிவப்பைத் தருவதோ ஆந்தோசயனின் என்ற முற்றிலும் வேறான நிறமி. இவ்விரு நிறமிகளும் ஒரே செடியில் சேர்ந்து காணப்படுவதில்லை என்பது தாவர வேதியியலின் வியப்பான உண்மைகளில் ஒன்று.

மீண்டும் நீருக்கு வந்தால், காகிதப்பூவுக்கு மண் காய்ந்து, இலை லேசாகத் துவளும்வரை பொறுத்திருந்து நீர் விடுவது பூக்கத் துணை செய்கிறது. இந்த முறையை எல்லாச் செடிகளுக்கும் விரித்துவிடக் கூடாது. செம்பருத்தியின் மண் ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால், நீர்க்குறையால் தூண்டப்படும் எத்திலீன் என்ற வளிநிலை ஊக்கியின் தாக்கத்தால் மொட்டின் காம்பில் ஒரு மெல்லிய பிரிவடுக்கு உருவாகி, விரிய வேண்டிய மொட்டுகள் மஞ்சளித்து உதிர்கின்றன. ஒரு பூ பெரும்பாலும் ஒரு நாளே வாழும் செம்பருத்தியில் இந்த இழப்பு உடனே கண்ணில் படும். அரளியின் நிலை வேறு. அதன் இலையின் அடிப்புறத்தை உருப்பெருக்காடியில் நோக்கினால் சிறு சிறு குழிகளும் அவற்றில் அடர்ந்த மயிர்களும் தெரியும். நீராவி வெளியேறும் இலைத்துளைகள் அந்தக் குழிகளுக்குள் காற்றுப் படாமல் ஒடுங்கியிருப்பதால்தான், நெடுஞ்சாலைகளின் நடுத்திட்டில் சித்திரை வெயிலிலும் அது பூத்து நிற்க முடிகிறது. இதயத் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு அரளியின் எல்லாப் பகுதிகளிலும் இருப்பதால், சிறு குழந்தைகளும் கால்நடைகளும் உள்ள வீடுகளில் அதைத் தவிர்ப்பதே நல்லது. அழகுக்காக அந்த ஆபத்தை வாசலில் வைக்க வேண்டிய தேவையில்லை.

தழைச்சத்து எனப்படும் நைட்ரஜனைப் பற்றி 1918இல் கிராஸ், கிரேபில் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் தக்காளியில் செய்த ஆய்வு இன்றும் வழிகாட்டுகிறது. செடியில் சேர்ந்திருக்கும் மாவுப்பொருளுக்கும் நைட்ரஜனுக்கும் உள்ள விகிதமே அது தழைப்பதா காய்ப்பதா என்பதோடு தொடர்புடையது என்று அவர்கள் எழுதினர். பூத்தலுக்கான முழு விளக்கமாக அந்தக் கருத்து பின்னர் ஏற்கப்படவில்லை என்றாலும், நைட்ரஜன் மிகுந்த செடி இலையிலேயே தன் வளத்தைச் செலவிடும் என்ற பகுதி தோட்ட அனுபவத்தில் அன்றாடம் மெய்ப்படுகிறது. கடலைப்புண்ணாக்குக் கரைசல் நைட்ரஜன் நிறைந்தது. கவாத்துக்குப் பின் தளிர் விடும் பருவத்தில் அது நல்ல உணவு, மொட்டு வைக்க வேண்டிய பருவத்தில் வாரந்தோறும் ஊற்றினால் அதுவே தடை.

மல்லிகையில் கவாத்தின் பயன் மிகத் தெளிவாகத் தெரிகிறது. தண்டின் நுனி ஆக்சின் என்ற ஊக்கியை உண்டாக்கிக் கீழே அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அது இறங்கிக்கொண்டிருக்கும்வரை பக்க மொட்டுகள் விழிப்பதில்லை. நுனியை வெட்டிவிட்டு அந்த இடத்தில் ஆக்சினைத் தடவினாலும் பக்க மொட்டுகள் உறங்கியே கிடக்கின்றன என்பதை திமான், ஸ்கூக் இருவரும் 1930களில் செய்து காட்டினர். கவாத்து செய்வது அந்த நுனியின் ஆதிக்கத்தை நீக்குகிறது. ஒரு கிளை இருந்த இடத்தில் நான்கைந்து தளிர்கள் கிளம்புகின்றன. குண்டுமல்லி புதுத்தளிரின் நுனியிலும் அதன் இலைக்கக்கங்களிலும் மட்டுமே மொட்டு வைப்பதால், எத்தனை தளிரோ அத்தனை கொத்து என்பதே கணக்கு. தமிழகத்தில் நவம்பர் இறுதியில் நீரைக் குறைத்து, தரையிலிருந்து 45 முதல் 50 சென்டிமீட்டர் உயரம் விட்டு மற்றதை வெட்டி, இலைகளையும் உதிர்த்துத் தொழுவுரம் இடுவது பரிந்துரைக்கப்பட்ட முறை. மார்ச் தொடங்கிப் பூ பெருகும். முல்லைக்கு இதே வேலை ஜனவரி இறுதியில் நடக்கிறது. வளர்ந்த செடியை வெட்ட மனம் வராமல் விட்டுவைத்தால், ஓரிரு ஆண்டுகளில் உள்ளே பழைய கட்டையும் வெளியே நீண்ட கொடியுமாகிப் பூ அருகிவிடும்.

2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியின் மொட்டு, விடியற்காலையில் பறிக்கும்போது இறுக மூடி வெண்முத்தாக இருக்கிறது. பகல் முழுதும் இதழ்ச் செல்களில் சேமித்த மாவுப்பொருள் சர்க்கரையாக உடைந்து, அந்தச் சர்க்கரை நீரை உள்ளிழுத்து, இதழின் உட்புறச் செல்கள் வெளிப்புறச் செல்களை விட மிகுதியாக விரிவதால் அந்தியில் மொட்டு அவிழ்கிறது. மணம் தரும் லினலூல், பென்சைல் அசிடேட் முதலிய எளிதில் ஆவியாகும் பொருள்களை இதழ் அதே வேளையில் வெளியிடத் தொடங்குகிறது. நிறம் தெரியாத இருளில் அந்துப்பூச்சிகளை அழைக்க உருவான இந்த ஏற்பாடு, அடுக்கு மல்லி ரகங்களில் பயனற்றுப் போய்விட்டது. மனிதர் தேர்ந்தெடுத்த அடுக்கு இதழ்களால் அவை பெரும்பாலும் விதை பிடிப்பதில்லை. பதியன் போட்டும் தண்டுத் துண்டு நட்டும் பெருக்கப்படும் அந்தச் செடிகள் யாவும் ஒரு தாயின் அச்சு மாறாத நகல்கள். பூச்சந்தையில் மணம் ஊர் தவறாமல் அடையாளம் காணப்படுவதற்கு மண்ணோடு இந்த மாறாமையும் ஒரு காரணம்.

மொட்டை மாடித் தோட்டங்களில் செடியின் கேடு பெரும்பாலும் தொட்டிக்குள்ளேயே தொடங்குகிறது. நீர் வடிவதற்காகத் தொட்டியின் அடியில் ஒரு விரற்கடை ஜல்லி பரப்பும் வழக்கம் எங்கும் உள்ளது. இயற்பியல் இதற்கு எதிராக நிற்கிறது. நுண்ணிய இடைவெளிகள் கொண்ட மண் நீரை நுண்புழைக் கவர்ச்சியால் பிடித்து வைத்திருப்பதால், மண் முற்றும் நிறைந்து ததும்பினால் அன்றி அந்த நீர் பெரிய இடைவெளிகள் கொண்ட ஜல்லிக்கு இறங்காது. அதனால் அடிமண்ணில் தேங்கி நிற்கும் ஈரப் பட்டை ஜல்லியின் உயரத்துக்கு மேலே தள்ளப்பட்டு, வேருக்கு இன்னும் நெருக்கமாகிறது. துளையின்மேல் ஓர் உடைந்த ஓட்டுத் துண்டு மண் சரியாமல் தடுக்கப் போதும். எஞ்சிய உயரம் முழுவதும் பொலபொலப்பான கலவை இருப்பதே நல்லது. வேருக்கும் மூச்சு உண்டு, நீர் தேங்கிய மண்ணில் ஆக்சிஜன் குறைந்து வேர் அழுகும் என்பதை நித்தியகல்யாணி வளர்ப்போர் ஐப்பசி அடைமழையில் ஆண்டுதோறும் காண்கின்றனர். கலவைக்குப் பயன்படும் தென்னை நார்க்கழிவில் சோடியம், பொட்டாசியம் உப்புகள் இருப்பதால் அதை இரண்டு மூன்று முறை நல்ல நீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே சேர்க்க வேண்டும். கோடையில் கறுப்பு வளர்ப்புப் பைகளின் சுவரோர மண் 40 பாகை செல்சியஸையும் தாண்டிச் சுடுகிறது. அந்த வெப்பத்தில் வேர் நீரை உறிஞ்சும் திறனை இழப்பதால், ஈரமான மண்ணிலேயே செடி வாடி நிற்கும். சுவர் வழியே நீர் கசிந்து ஆவியாகும் மண்தொட்டி தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்கிறது. எடையைத் தாங்கும் தளத்தில் அதற்கு இணையான கலம் வேறில்லை.

நகரத்து ஆழ்துளைக் கிணற்று நீரின் உவர்ப்பும் சுண்ணாம்பும் மெல்ல மெல்லச் செய்யும் கெடுதி, வெட்சியின் இலையில் முதலில் வெளிப்படுகிறது. இட்லிப்பூ என்று குழந்தைகள் அழைக்கும் வெட்சி தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய செடி. ஆநிரை கவரச் செல்லும் வீரர் சூடிய பூவாகத் தொல்காப்பியம் அதைக் குறிக்கிறது. சற்றே அமிலத் தன்மையுள்ள செம்மண்ணை விரும்பும் அதற்குக் கடினநீரைத் தொடர்ந்து ஊற்றும்போது மண் காரத் தன்மை அடைந்து, மண்ணில் இரும்பு இருந்தும் அது கரையாத வடிவுக்கு மாறிவிடுகிறது. அப்போது கிளை நுனியின் இளம் இலைகளில் நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாக நிற்க, இடைப்பகுதி எலுமிச்சை மஞ்சளாக வெளிறுகிறது. இரும்பு பழைய இலையிலிருந்து புதிய இலைக்கு நகராத சத்து என்பதால் குறை தளிரில் தெரிகிறது. நைட்ரஜன் நகரும் சத்து என்பதால் அதன் குறை அடியிலுள்ள முதிர்ந்த இலைகளில் முதலில் தெரிகிறது. மஞ்சள் எங்கே தொடங்கியது என்ற ஒரு கேள்வி, வீணாக இடப்படும் உரத்தில் பாதியை மிச்சப்படுத்தும். மல்லிகையில் இந்த வெளிறல் கண்டால் ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்து இலைகளில் தெளிப்பது வேளாண் பரிந்துரை. காரமண்ணில் அதையே தூவினால் சில நாட்களில் கரையாமல் உறைந்துவிடும். குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி வெளியேற்றும் கழிவுநீரைச் செடிகளுக்கு ஊற்றுவது சிக்கனமாகத் தோன்றினாலும், கிணற்று நீரின் உப்பு அதில் மேலும் செறிந்திருப்பதால் தொட்டிச் செடிகளுக்கு அதைத் தவிர்க்க வேண்டும்.

எந்தச் செடியை வாங்குவது என்பதிலும் இடத்தின் இயல்பு பேச வேண்டும். துலிப் கிழங்கு பல வாரக் குளிரைக் கடந்தால் அன்றி மீண்டும் பூக்காது. உதகையின் குளிர் இரவுகளில் செழித்த ஃபுக்சியா சமவெளியின் வெப்ப இரவுகளில், பகலில் ஈட்டிய உணவைச் சுவாசத்திலேயே செலவழித்து மெலிந்துவிடும். இதற்கு நேர்மாறான தவறும் வரலாற்றில் நிகழ்ந்துள்ளது. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து அழகுச் செடியாக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட உண்ணிச்செடி இந்த மண்ணுக்கு அளவுக்கு மீறிப் பொருந்திவிட்டது; பறவைகள் விதையைப் பரப்ப, இன்று முதுமலை, சத்தியமங்கலம் காடுகளின் தரைப்புல்லை அழித்து மண்டிக் கிடக்கிறது. புதிய அழகுச் செடி ஒன்றைத் தோட்டத்தில் சேர்க்கும்போது அது தானே விதைத்துப் பரவும் இயல்புடையதா என்று கேட்பது தோட்டக்காரரின் கடமை.

பூச்சிகளை எதிர்கொள்வதில் தமிழகத்துக்கு ஒரு பெரிய பாடம் கிடைத்திருக்கிறது. மெக்சிகோவையும் மத்திய அமெரிக்காவையும் சேர்ந்த பப்பாளி மாவுப்பூச்சி 2008இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டு, பப்பாளி, மரவள்ளி, மல்பெரிப் பயிர்களோடு வீட்டுச் செம்பருத்திகளையும் வெண்பஞ்சாக மூடியது. உடலைச் சுற்றியுள்ள மெழுகு மருந்தை ஒட்டவிடாததால் தெளிப்புகள் பலனளிக்கவில்லை. 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற நுண்குளவி வரவழைக்கப்பட்டு மாநிலமெங்கும் விடப்பட்டது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதை உள்ளிருந்தே தின்னும் அந்தக் குளவி, சில மாதங்களில் பெருகி அந்தக் கொள்ளையை அடக்கியது. குளவி இன்றும் தோட்டங்களில் இருக்கிறது. செம்பருத்தியில் மாவுப்பூச்சி தலைகாட்டியதும் கடும் நஞ்சு தெளித்தால் முதலில் சாவது அந்தக் குளவியே. மாவுப்பூச்சி மிஞ்சி, முன்னிலும் வேகமாகப் பெருகும். மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் குளவிகளை விரட்டிக் காவல் நிற்பதால், எறும்பு ஏறும் வழியைத் தொட்டியின் அடியில் நீர்த்தட்டு வைத்து மறிப்பதே முதல் வேலை. அந்தத் தட்டில் கொசு பெருகாதபடி மூன்று நாளுக்கு ஒருமுறை நீரை மாற்ற வேண்டும், தொட்டியின் அடி நீரில் தொடாதபடி கல்மேல் நிறுத்த வேண்டும். பூச்சி அடர்ந்த கிளைநுனிகளை வெட்டி எரித்துவிட்டு, ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, தேனீக்களும் தேன்சிட்டுகளும் திரும்பிச் சென்ற மாலை நேரத்தில் இலையின் அடிப்புறம் நனையத் தெளிப்பது, வீட்டுத் தோட்டத்தின் பெரும்பாலான தேவைக்குப் போதுமானது.